மைலேஜ் குறைஞ்சா முதல்ல கணக்கு, அப்புறம்தான் மெக்கானிக்!

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த உங்க கார் திடீர்னு 15 தான் கொடுக்குதா? மாசம் 900 கிலோமீட்டர் ஓட்டினா, 50 லிட்டர் போட்ட இடத்துல இப்போ 60 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டா மாசம் 1,000, வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஒரு எஸ்ஐபி போடுற காசு!

அதுக்காக உடனே அடிட்டிவ், இன்ஜெக்டர் கிளீனிங்னு செலவு பண்ணாதீங்க. காசே ஆகாத சோதனையிலிருந்து ஆரம்பிக்கணும்ங்கிறது என் கருத்து.

டேங்க்கை ஃபுல் பண்ணி, ட்ரிப் மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டு வாங்க. அடுத்த தடவை அதே பங்க்ல ஃபுல் பண்ணி, ஓடின தூரத்தை இப்போ போட்ட லிட்டரால வகுங்க. டிஸ்ப்ளே காட்டுற நம்பரை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு தடவை பார்த்தும் குறைவா வந்தா, ரூட், டிராஃபிக், ஏசி பயன்பாடு ஏதாவது மாறிச்சான்னு யோசிங்க.

எதுவும் மாறலையா? டயர் காத்தைச் செக் பண்ணுங்க. ஏர் ஃபில்டரைப் பாருங்க. ஓட்டி நிறுத்தினதும் ஒரு சக்கரத்துல மட்டும் அனல் அடிச்சா, பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். இன்ஜின் லைட் எரிஞ்சா ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. ஆக்சிஜன் சென்சர் கெட்டிருந்தாலும் பெட்ரோல் கூடுதலா குடிக்கும்.

"பேசாம புது காரே எடுத்துடலாம்"னு தோணுதா? மாசம் 1,000 ரூபாயை மிச்சம் பிடிக்க 15,000 ரூபாய் இஎம்ஐ கட்டுறது எந்த ஊர் கணக்குங்க?