உறுப்பினர் பாரத்தை ஒளித்துவைத்துவிட்டு ஒப்பாரி எதற்கு?

பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தரை வரை காத்திருக்கிறார்கள். வருகைப் புத்தகத்தில் பதினான்கு கையெழுத்து. அதில் பதினொன்று செயலவையினருடையது. மொத்த உறுப்பினரில் பாதி, அல்லது செயலவையைப் போல் இருமடங்கு, இதில் எது குறைவோ அது வந்தால் கோரம் என்பது நம் சங்கங்களில் வழக்கமான விதி. அந்தக் குறைந்த கணக்கும் தேறவில்லை. கூட்டம் தள்ளிப்போகிறது. சட்டவிதித் திருத்தம் தவிர மற்றதை மறுமுறை வந்தவரை வைத்தே நடத்தலாம் என்று அதே விதி வழிவிடுகிறது. அப்படியே நடத்தி, தலைவர் போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்து, வடையும் தேநீரும் வருவதற்குள் தலைமையுரையும் முடிகிறது: “இன்றைய இளைஞர்களுக்குச் சமுதாயப் பற்று இல்லை.”

பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களிலும் கிள்ளான் கடைவீட்டு மாடிகளிலும் ஆண்டுதோறும் நடக்கும் கூத்து இது. எந்தச் சங்கம் என்று நாம் பெயர் சொல்லவில்லை. படிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தம்முடைய சங்கமே நினைவுக்கு வரும்.

இளைஞர்களுக்குப் பற்றில்லை என்ற பேச்சை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, மேல்மாடியில் சிக்கிய குடும்பங்களை மீட்கச் சொந்தப் படகும் ரப்பர் மிதவையும் எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் ஓடினார்கள். அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். வாட்ஸ்அப்பில் ஒரு குழு, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் சோற்றுப் பொட்டலம். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் இல்லாமலே வேலை நடந்தது. அதே பிள்ளைகள்தான் தைப்பூசத்தில் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் இரவெல்லாம் நிற்கிறார்கள். பொதுவேலைக்கு வருகிறவர்கள் சங்கத்துக்கு வரவில்லை என்றால், கோளாறு எந்தப் பக்கம்?

சங்கத்தில் சேரப் போகிறவரின் அனுபவத்தைப் பாருங்கள். பாரம் தலைவரின் மேசை இழுப்பறையில் இருக்கும், சாவி அவரிடம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். இருவரும் பழைய உறுப்பினர்களாக இருக்க வேண்டும். பிறகு செயலவை “பரிசீலிக்கும்”. இடையில், “யார் மகன் நீ? பூர்வீகம் எந்த ஊர்?” என்று ஒரு விசாரணை. ஊரைக் கேட்டு எதை அறிய விரும்புகிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்தும் பதில் வராது. புது உறுப்பினர் என்றால் புது ஓட்டு. ஆள் சேராவிட்டால் நாற்காலி ஆடாது என்ற கணக்கு தெரிந்தே இந்தப் பூட்டு தொங்குகிறது.

உலகமெங்கும் இதே கதைதானே என்பார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் புட்னம் 2000-இல் எழுதிய நூலில் பந்துருட்டும் (பௌலிங்) குழுக்கள் கரைந்ததைச் சொன்னார். பந்துருட்டுகிறவர் தொகை கூடிக்கொண்டிருந்த காலத்தில்தான் குழுக்கள் கரைந்தன என்பதையும் அவரே சொன்னார். அந்தப் பாதியை நம் தலைவர்கள் மேடையில் சொல்வதில்லை.

பெண்கள் விஷயத்தில் நடப்பது வெட்கக்கேடு. 1943-இல் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் நேதாஜியின் ஜான்சி ராணி படையில் சேர்ந்தபோது வயது பதினெட்டு. அந்தப் படையின் துணைத் தலைமை வரை உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக ம.இ.கா. கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். பதினெட்டு வயதுப் பெண் கையில் துப்பாக்கியை நம்பிக் கொடுத்த சமுதாயம், இன்று நாற்பது வயது வழக்கறிஞர் அம்மாவிடம் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்துகிறது. கேட்டால், “மகளிர் பிரிவு இருக்கிறதே” என்று பதில்.

இளைஞர் சங்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர் வயது வரம்பை 40-இலிருந்து 30-ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை 2019-இல் நாடாளுமன்றம் ஏற்றபோது எந்த வீடுகளில் தூக்கம் கெட்டது என்பது ஊரறிந்த விஷயம்.

இன்னும் யார் வெளியே நிற்கிறார்கள்? தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழைப் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளை. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பரிமாறும் தமிழ்நாட்டுத் தொழிலாளி. இந்த மூன்றாமவருக்கு ஓட்டுரிமை தர விதி இடம் கொடுக்கவில்லை என்றால், பொங்கல் விழாவுக்கு ஓர் அழைப்பிதழாவது தரலாமே. அதையும் தருவதில்லை, அவர் பரிமாறும் கடையிலிருந்து விருந்து மட்டும் வருகிறது. அரசின் மித்ரா மானியத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது மட்டும் “சமுதாயம் முழுமைக்கும்” என்ற சொற்கள் பேனாவிலிருந்து தாராளமாக வழிகின்றன.

சங்கமே ஆளைத் தேடிப் போன காலமும் உண்டு. கிள்ளான்காரர்களுக்கு 1941-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்காரர் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், பால்மரத் தொழிலாளர்களைத் தேடித் தோட்டங்களுக்கே போனது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவை ஒழிக்கச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். பின்னாளில் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தனும் அப்படித் தோட்டங்களைத் தேடிப் போனவர்தான். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தோட்டந்தோட்டமாகப் பங்குப் பணம் திரட்டினார். அவர் பெயர் தாங்கிய சாலை வழியாகத்தான் நம் செயலவையினர் பிரிக்பீல்ட்ஸ் கூட்டங்களுக்குக் காரோட்டிப் போகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அறிக்கை போகிறது. பதிவிலாகாவுக்குப் போகும் கணக்கை உறுப்பினர் பார்க்கக் கூடாதா? மொத்தம் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, முப்பத்தைந்து வயதுக்குக் கீழே எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை என்ற விவரம் மண்டபச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். (கடைசிக் கேள்வி கிண்டலல்ல, ஆயுள் உறுப்பினர் ஏட்டைத் திறந்தால் விளங்கும்.) விண்ணப்பித்தவருக்கு முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தோடு. ஒரே பதவியில் மூன்று தவணைக்கு மேல் எவரும் உட்காரக் கூடாது. செயலவையில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கூட்டத்தை ஷிப்ட் வேலைக்காரரும் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். இவற்றுக்குச் சட்டவிதித் திருத்தம் வேண்டுமென்றால், கோரத்தோடு கூடிய கூட்டம் கூட்டித் திருத்துங்கள். அதற்காவது ஆள் சேர்த்தாக வேண்டியிருக்கும்.

மானியம் வழங்கும் அமைப்புகளும் செலவுக் கணக்கோடு இந்த விவரத்தையும் கேட்கட்டும். மூன்று ஆண்டுகளாக ஒரு புது உறுப்பினரைக்கூடச் சேர்க்காத சங்கத்துக்குப் பொதுப்பணம் போகக் கூடாது.

அடுத்த ஆண்டுக் கூட்ட அழைப்பிதழோடு உறுப்பினர் பாரமும் ஒன்று இணைத்து வர வேண்டும். அச்சடிக்க நேரமில்லை என்று செயலாளர் சொல்ல வேண்டாம். கட்டுக்கட்டாக எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.