108-ஆ, 104-ஆ? ஊரே பழக வேண்டிய முடிவு

நள்ளிரவில் நெஞ்சு அடைக்கிறது என்கிறார் வீட்டுப் பெரியவர். வாயுவாக இருக்கும் என்று ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். இன்னொருவர் ஓமத்தண்ணீர் காய்ச்சுகிறார். ‘இந்நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே கூடிவிடும், விடியட்டும்’ என்று பெரியவரே தடுக்கிறார். வந்திருப்பது மாரடைப்பு என்றால், விடியும்வரை இதயத் தசை காத்திருக்காது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் தொடங்கியது. அதற்குக் கட்டணம் கிடையாது. மருத்துவ ஆலோசனைக்கென்றே 104 இருக்கிறது. வீட்டிலிருந்தபடி மருத்துவரிடம் பேச இ-சஞ்சீவனி இருக்கிறது. வசதிகள் இருந்தும், எதை எப்போது அழைப்பது என்பதை நெருக்கடி வந்த பிறகுதான் யோசிக்கிறோம். பதறி நிற்கும் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் அந்த முடிவைச் சுமத்துவது நியாயமல்ல. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நெஞ்சை அழுத்தும் வலி, அதோடு வியர்வை, வாய் ஒருபக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை ஒரு கால் வலுவிழத்தல், மூச்சுத்திணறல், மயக்கம், நிற்காத வலிப்பு, நிற்காத ரத்தம், பாம்புக்கடி, விஷம், கர்ப்பிணிக்கு உதிரப்போக்கு, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தை. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மரத்துப்போன கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் கரைந்துவிடும்.

லேசான காய்ச்சல், ஒரு வேளை விட்டுப்போன பிரஷர் மாத்திரை, எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற குழப்பம் போன்றவற்றுக்கு 104-ன் தொலைபேசி ஆலோசனையே போதும். அப்போது வண்டியைக் கூப்பிடாமல் இருப்பதும் ஓர் உதவிதான். அந்த வண்டி வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கலாம். ஆனால் ஆபத்தா இல்லையா என்று சந்தேகம் எழுந்தால் 108 பக்கமே சாயுங்கள். தொலைமருத்துவத்துக்காக 2020-ல் வந்த தேசிய வழிகாட்டுதலும், அவசர நிலை என்று தெரிந்தால் முதலுதவி சொல்லி நோயாளியை நேரடிச் சிகிச்சைக்கு அனுப்பவே மருத்துவர்களிடம் சொல்கிறது.

அழைத்ததும் கடமை முடிந்துவிடாது. ஊர், தெரு, பக்கத்திலுள்ள கோயில் அல்லது ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லுங்கள். எதிர்முனையில் பேசுபவர் கேட்டு முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் தெருமுனையில் டார்ச்சோடு நிற்கட்டும். சந்து வழியை அடைத்து நிறுத்திய பைக்குகளை அண்டைவீட்டார் நகர்த்தட்டும். பழைய மருந்துச்சீட்டுகளை ஒருவர் எடுத்து வைக்கட்டும்.

சாலை விபத்தென்றால் கோர்ட், ஸ்டேஷன் என்று அலைய நேருமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இதைக் காவல்துறையினர் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

அரசுக்கும் பங்குண்டு. வண்டி தாமதமாகும் மலைக்கிராமங்களிலும் ஒதுக்குப்புற ஊர்களிலும் அந்த இடைவெளியை அடைப்பது அரசின் பொறுப்பு. மக்களின் விழிப்புணர்வு அதற்கு ஈடாகாது. ஆபத்து அறிகுறிகளையும் இரண்டு எண்களையும் ரேஷன் கடை, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தச் சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குவோம். மகளிர் குழுவினரும் இளைஞர்களும் யார் யார் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு என்று அங்கேயே பேசி முடிக்கட்டும்.