இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழகம் மாறலாமா?

மாக் மண்டினிலிருந்து ஒரு தாய் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, மக இங்க தனியார் கல்லூரியிலதான் சட்டம் படிக்கிறா. முதலாம் ஆண்டு முடிஞ்சிருச்சு. இப்போ வேற கல்லூரிக்கு மாறி, கடைசி வருஷத்த இங்கிலாந்துல முடிச்சு, பெரிய பேருள்ள யுனிவர்சிட்டியில பட்டம் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவங்க அப்பா இ.பி.எஃப். காச எடுக்கலாம்ங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இங்கிலாந்தில் ஓராண்டு என்றால் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 1 லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணம் அது. ஆகவே பெயரைப் பார்க்கும் முன், பட்டத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் யார் வழக்கறிஞராகலாம் என்பதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் சொல்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தவர்கள் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர்களுக்கும் அது தேவையில்லை. ஆனால் பிரிட்டிஷ் எல்.எல்.பி. பட்டத்தோடு மட்டும் நிற்பவர்கள் அதில் தேறியாக வேண்டும். அதன்பின் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி.

அந்தத் தேர்வில் ஐந்து தாள்கள்: பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில்முறை நடைமுறை. இங்கிலாந்துச் சட்டத்தை மூன்றாண்டு படித்துவிட்டு வரும் பிள்ளை, மலேசிய நீதிமன்ற நடைமுறையை இங்கேதான் உட்கார்ந்து படிக்கிறது. பட்டம் லண்டனில் வாங்கியதா, பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்து படித்து வாங்கியதா என்று வினாத்தாள் கேட்காது. எல்லாருக்கும் அதே தாள்தான். பலர் தனியார் வகுப்பில் சேர்ந்து, கோலாலம்பூரில் அறை எடுத்துப் படிக்கிறார்கள். அந்த ஓராண்டில் சம்பளம் இல்லை. கையிலுள்ள பணம் முழுவதையும் இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டால், இந்த ஆண்டுக்கு எங்கே போவது?

அதற்காகப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். தலைநகரின் பெரிய நிறுவனங்களில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, நல்ல பல்கலைக்கழகப் பெயர் முதல் கதவைத் திறக்க உதவும். ஆனால் அங்கே வகுப்புத் தரமும் பார்ப்பார்கள். பழகிய இடத்தில் முதல் வகுப்போ, இரண்டாம் வகுப்பின் மேல்நிலையோ வாங்கக்கூடிய பிள்ளை, புது ஊரில் ஒரே ஆண்டில் தடுமாறித் தரம் இறங்கினால், பெரிய பெயரால் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும். வடக்கில் தொழில் நடத்த நினைப்பவருக்கோ, பினாங்கு நீதிமன்றங்களில் வேலை தெரிந்த ஒரு மூத்த வழக்கறிஞரின் பழக்கம் இன்னும் பெரிய முதலீடு.

மாறித்தான் ஆகவேண்டிய நிலையும் உண்டு. இப்போது படிக்கும் பட்டம் சட்டத்தொழில் தகுதி வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லையென்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். கற்பித்தல் மோசமாக இருந்து பிள்ளை பின்தங்கிக்கொண்டிருந்தாலும் மாறுவது நியாயமே. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடிவு நன்றாக உள்ளவர், யு.பி.யு. வழி அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக விண்ணப்பிப்பதையும் யோசிக்கலாம். பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஓராண்டு போகும்; ஆனால் கட்டணம் குறையும், சி.எல்.பி.யும் இல்லை. கணக்குப் போட்டால் இந்த 'பின்வாங்கல்' மலிவாகவும் முடியலாம்.

மாற முடிவெடுப்பவர்கள் மூன்று பதில்களை எழுத்தில் வாங்குங்கள். முதலில் தகுதி வாரியம்: புதிய பட்டமும், பாதியில் மாறிப் படிக்கும் முறையும் ஏற்கப்படுமா? வாரியம் பல்கலைக்கழகப் பெயரை மட்டுமல்ல, எத்தனை ஆண்டு, எந்த முறையில் படித்தோம் என்பதையும் பார்க்கும். அடுத்து புதிய கல்லூரி: எந்தெந்தப் பாடங்களை ஏற்கும், முதலாம் ஆண்டு மதிப்பெண் இறுதித் தரத்தில் சேருமா? கடைசியாக பி.டி.பி.டி.என்.: இப்போதைய கடன் என்னவாகும்? கல்லூரி முகவர் தொலைபேசியில் சொல்லும் 'நோ ப்ராப்ளம்' பதிலாகாது.

சேம நிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்க இடமுண்டு. 2024 மே மாதத்திலிருந்து அது செஜாத்ரா கணக்கு வழியாக நடக்கிறது. எடுப்பதில் தவறில்லை. ஆனால் எடுக்கும் முன் ஒரு தாளில் பட்டம், சி.எல்.பி. ஆண்டு, ஒன்பது மாதப் பயிற்சி என்று மூன்று வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பணம் எங்கிருந்து வரும் என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். மூன்று வரியும் நிரம்பினால் தயங்காமல் அனுப்புங்கள். முதல் வரியோடு பணம் தீர்ந்துவிட்டால், இருக்கும் இடத்திலேயே நல்ல தரத்தோடு முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.