வெந்நீர்க் குண்டத்திலிருந்து எழுந்ததும்

பத்ரிநாத் போகிறவர்கள் தப்த குண்டத்தில் நீராடிவிட்டுத்தான் கோயிலுக்குள் போவது வழக்கம். வெளியே உடம்பு வெடவெடக்கும் குளிர். குண்டத்திலோ சுமார் 45 டிகிரி சூடு. அந்தச் சுகத்தில் ஊறிவிட்டுச் சட்டென்று எழுந்து படியேறாதீர்கள்! சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். 3,100 மீட்டர் உயரத்தில் பிராணவாயுவும் குறைவாகத்தான் கிடைக்கும். தலை சுற்றிக் கல்லில் விழுந்தால் யாத்திரை என்னாவது?

குண்டத்தின் படியிலேயே சற்று உட்கார்ந்து, மெள்ள எழுந்திருங்கள். ஈரப் புடவையை உடனே மாற்றி, தலையைத் துவட்டி, கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

கர்ப்பிணிகளும், இருதய நோயோ இரத்தக் கொதிப்போ உள்ள பெரியவர்களும் முங்கவே வேண்டாம். கை கால் நனைத்துக்கொண்டால் போதும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.