தடையில் கொழுக்கும் தரகர்கள்

கேரளத்தின் காஞ்சிரங்குளம், பூவார், பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போக நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு பெற்ற முகவர் சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பு தேறாத பெண்ணுக்கு 30 வயது நிரம்பாமல் குடியேற்ற அனுமதியே கிடைக்காது. வயது நிரம்பினாலும், 2016 முதல் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

பாதுகாப்புக்காக வந்த விதிதான். ஆனால் வீட்டில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறவள் முப்பது வயதுவரை காத்திருப்பாளா? சுற்றுலா விசாவோடு வரும் தரகனிடம் போய்ச் சிக்குகிறாள். வழி குறுகக் குறுக அவன் கேட்கும் தொகை கூடுகிறது. அந்தத் தொகை அவள் தலையில் கடனாக விழுகிறது. போன இடத்தில் பாலியல் தொழிலுக்குத் தள்ள அந்தக் கடன் ஒன்றே போதும்.

உள்ளூரிலும் இதே கணக்குதான். 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம் பாலியல் தொழிலை நேரடியாகக் குற்றமாக்கவில்லை. பாலியல் தொழில் விடுதி நடத்துவதையும் அதற்கு இடம் கொடுப்பதையும் தண்டிக்கிறது. ஆகவே வாடகையோடு மிரட்டல் பணமும் சேர்கிறது, இரண்டையும் கட்டுவது அத்தொழிலில் இருக்கும் பெண்தான். விருப்பத்தோடு இத்தொழிலில் இருக்கும் வயதுவந்த பெண்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது சரியான திசை.

சோதனை போட்டுப் பெண்களைப் பிடிப்பதால் தரகனுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. பெண்களை இத்தொழிலுக்குக் கொண்டுவருவது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலுள்ள குற்றம். அதன்படி தரகனின் வீட்டையும் வங்கிக் கணக்கையும் முடக்கலாம். கூடவே, அரசு வழியில் போகும் பெண்ணுக்குப் பயணச் செலவைக் குறைந்த வட்டிக்குக் கூட்டுறவு வங்கி கொடுக்கட்டும்.