777 போட்டால் சரிவருமாம்!

போன வருசம் எங்கட தளத்தில் கட்டுரை ஏறும், படம் ஏறாது. எழுத அனுமதி இல்லை எண்டு ஒரு வரி வந்து நிற்கும். விசயம் தெரிந்த அண்ணா ஒருவரைக் கேட்டோம். "முழு ஃபோல்டருக்கும் 777 போடுங்கோ, சரிவரும்" எண்டார். போட்டோம். சரிவந்தது. நன்றியும் சொன்னோம்.

மூன்று கிழமையால் பார்த்தால், படங்கள் கிடக்கிற ஃபோல்டருக்குள் நாங்கள் ஏற்றாத ஒரு பிஎச்பி கோப்பு. நூல் விமர்சனங்களுக்கு அடியில் சூதாட்டத் தளங்களின் இணைப்புகள். 777ஆல்தான் வந்தது எண்டு நிரூபிக்க எங்களிட்ட ஆதாரமில்லை. ஆனால் கதவைக் கழற்றி வைத்தது நாங்கள்தான்.

அந்த மூன்று இலக்கமும் என்ன சொல்லுது? முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது அவரின் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. பகிர்வு ஹொஸ்டிங்கில் அந்த 'மற்ற எல்லாரும்' அதே சேர்வரில் காசு கட்டிக் குடியிருக்கிற அயலவர்கள். அவர்களில் ஒருவரின் தளம் உடைபட்டாலே போதும், எங்கட ஃபோல்டரில் எழுதலாம்.

உண்மையான வருத்தம் வேறு. எங்கட சேர்வரில் பிஎச்பி எங்கட பெயரில் ஓடவில்லை, எல்லாருக்கும் பொதுவான ஒரு பயனர் பெயரில் ஓடியது. ஃபோல்டர் எங்களுடையது, எழுத வந்தவர் வேறு ஆள். அதனால்தான் மறுப்பு. பிஎச்பியை எங்கட கணக்கின் பெயரிலேயே ஓட விடச் சொல்லியும், அந்தப் பொதுப் பயனர் உருவாக்கிய கோப்புகளின் உரிமையை எங்களுக்கு மாற்றச் சொல்லியும் ஹொஸ்டிங்காரருக்கு ஒரு கடிதம் எழுதினோம். பிறகு ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644, தரவுத்தளப் பாஸ்வேட் இருக்கிற கோப்புக்கு 600. படம் ஏறுது.

"வேலை செய்யுதுதானே, பிறகென்ன?" எண்டு கேட்பவர்களுக்கு: பூட்டில்லாத வீட்டிலும் குடியிருக்கலாம். களவு போகும்வரை.

"ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு உது எதுக்கு?" எண்டு கேட்பவர்களோடுதான் எங்களுக்குக் கோபம் கூட. ஒன்று, இரண்டு, நாலைக் கூட்டத் தெரியாதவர்களா நாங்கள்? ஒரு பிரதியை ஆர் எழுதினது, ஆருக்காக எழுதினது, ஆருக்கு அதில் அதிகாரம் எண்டு வகுப்பில் மணிக்கணக்காகக் கதைக்கிறோம். எங்கட கோப்பு ஆருடைய பெயரில் இருக்கு எண்டு ஒருக்காவும் கேட்கவில்லை.

எங்கட தோழர்கள் எழுதினதில் பாதிக்கு அச்சுப் பிரதி இல்லை. தளம் போனால் எழுத்தும் போகும். அதைக் காக்கிற வேலையை 'விசயம் தெரிந்த அண்ணா'மாரின் தலையில் கட்டிவிட்டு, நாங்கள் ஆவணப்படுத்தல் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறது வெட்கம்.

அடுத்தமுறை மறுப்பு வந்தால் முதலில் பிழைப் பதிவை வாசியுங்கோ. உரிமையாளர் ஆர் எண்டு பாருங்கோ. இடம் நிரம்பிப் போச்சோ எண்டும் பாருங்கோ. ஆரும் "777 போடு" எண்டால், ஏன் எண்டு கேளுங்கோ. விடை வராவிட்டால் போடாதேங்கோ.