கிளம்ப மறுக்கும் என்ஜினும் சங்கத்தின் கடமையும்

1895-ல் பெரியாற்று நீர் வைகைப் பக்கம் திருப்பப்பட்டதும், 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டதும் மதுரைச் சமவெளியின் வேளாண்மைக்கு இரு பெருந்துணைகளாயின. ஆயினும், மேலூர்ப் பக்கத்துக் கடைமடை வயல்களுக்கு வாய்க்கால் நீர் தாமதிக்கும்போது கிணறே கதி என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். மின்சாரம் நின்றுவிட்டால் அக்கிணற்றிலிருந்து நீர் இறைத்துத் தருவது டீசல் என்ஜின். விசைத்தறிக் கூடங்களிலும் அவ்வேளையில் ஜெனரேட்டரே துணை. அது நின்றால் தறி நிற்கும்; தறி நின்றால் கூலி நிற்கும்.

கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் என்ஜின் கிளம்ப மறுத்தால், பலர் கைப்பிடியை மூச்சு முட்டச் சுற்றுகின்றனர். பிறகு கண்ணிற்பட்ட திருகையெல்லாம் கழற்றுகின்றனர். இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பது நமது துணிபு.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இறுக்கப்படும் காற்றின் வெப்பத்தாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே எண்ணெய், காற்று, இறுக்கம் ஆகிய மூன்றையும் வரிசையாக ஆராய்தல் முறை. பொத்தானால் கிளப்பும் ஜெனரேட்டராயின், முதலில் பேட்டரியைப் பார்க்க.

சுற்றும்போது புகையே வராவிடில், பெரும்பாலும் எண்ணெய் சென்று சேரவில்லை எனக் கொள்ளலாம். டாங்கி, குழாய், வடிகட்டி ஆகியவற்றைச் சோதிக்க. டாங்கி ஒருமுறை வற்றியிருந்தால் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். வடிகட்டி மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்குக. வெண்புகை வருமாயின், எண்ணெய் சேர்ந்தும் சரிவர எரியவில்லை. தண்ணீர் கலந்திருக்கலாம், இறுக்கம் குறைந்திருக்கலாம். டீகம்பிரஷன் லீவரை விடுவித்த பின்னும் சக்கரம் தடையின்றிச் சுழன்றால், வால்வோ பிஸ்டன் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ கசிகிறது. அது மெக்கானிக்கின் வேலை. காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருப்பின் சுத்தம் செய்க.

நாசில் பீய்ச்சும் தாரைக்கு நேரே கையை நீட்டுவது பேராபத்து. அது தோலைத் துளைத்து உட்புகும். கைப்பிடியைப் பற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். என்ஜின் திருப்பியடித்தால் விரல் தப்பும்.

'வடிகட்டி வாங்குவது அவரவர் பொறுப்பன்றோ?' எனச் சிலர் கேட்கக்கூடும். உண்மையே. ஆனால் சிறு உதிரிப்பாகத்திற்காக ஒருவர் மதுரை நகருக்குச் சென்று திரும்பும் நாளில் ஒரு வயல் வாடுகிறது. 1904-ல் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததே, தனியொருவருக்குப் பாரமானதைப் பலர் சேர்ந்து சுமப்பதற்கன்றோ? சங்கக் கிடங்கில் வடிகட்டிகள், வாஷர்கள், ஒரு ஸ்பேனர் தொகுதி ஆகியவை இருக்கட்டும். ஊருக்கு இரு இளைஞர்களுக்கேனும் பயிற்சி அளிக்கட்டும். நேர்ந்த பழுதையும் கண்ட காரணத்தையும் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். ஒருவரது அனுபவம் அடுத்தவருக்கு உதவும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஒரு போகம் காய்ந்தால் நேரும் நஷ்டமோ பெரிது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.